மணி அடிக்கும் வரை நின்ற பஸ்

இல்லை, எனக்கு அடிபடவில்லை. கண்ணாடித் தூள் முடியில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான்.

சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் இருக்கும் அரசுப் பள்ளியை இந்த வாரத்திலிருந்து மாலையில் ஒரு மணி நேரம் தாமதமாக விடுகிறார்கள். பஸ் நேரம் பழையதுதான்; மணி அடிப்பதற்குச் சற்று முன்பே போய்விடும்.

பள்ளி வாசலில் ஒரு பெண் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தாள்.

"மணி அடிக்கிற வரைக்கும் நில்லு நைனா. எம்பொண்ணு வந்துரும்."

"டிப்போவுல போய்ச் சொல்லும்மா" என்றார் டிரைவர்.

"சொன்னேன். ஸ்கூல்ல கேளுன்னாங்க. ஸ்கூல்ல டிப்போவக் கேளுன்னாங்க. நேத்து பஸ் இல்லாம நடந்து வந்த புள்ளய மாந்தோப்பாண்ட பைக்ல ரெண்டு பேரு தொரத்திக்கினு வந்தானுங்க. அத யாராண்ட கேக்கறது?"

அவர் ஹாரனை அழுத்தியபடியே பஸ்ஸை நகர்த்தினார். பம்பர் அவள் முழங்காலில் இடித்தது.

அவள் குனிந்து கல்லை எடுத்தாள். நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்தேன். முன்கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது.

நெற்றியில் ரத்தத்தோடு டிரைவர் குதித்து இறங்கினார். அவள் முடியைப் பிடித்து ரோட்டில் இழுத்தார்.

அப்போதுதான் மணி அடித்தது.

பையோடு ஓடிவந்த மகள், அம்மாவின் முடியைப் பிடித்திருந்த கையைக் கடித்தாள். நான்கு பேர் சேர்ந்து பிரிக்கும் வரை விடவில்லை.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "கேஸ் போடணும் மேடம். நீங்க எடுத்த வீடியோ குடுங்க."

என் போனில் கல் பறந்த நொடி மட்டும்தான் இருந்தது. பம்பர் இல்லை. மாந்தோப்பும் இல்லை.

எப்படியோ, மணி அடிக்கும் வரை பஸ் நின்றது. நாளைக்கும் கல் வேண்டுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீடியோவை அழித்தேன். அம்மா, மகள் இருவரோடும் மாந்தோப்பு வழியாக அவர்கள் ஊர் வரை நடந்தேன்.