பகலில் தூங்கிய பிள்ளை

தாய்வீட்டில் இருந்தவரை என் மகன் இரவில் ஓரிரு முறை எழுவான், பால் குடிப்பான், தூங்கிவிடுவான். நாலாம் மாதம் காவேரிப்பாக்கத்திலிருந்து குடியாத்தத்துக்கு, கணவர் வீட்டுக்கு, அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த சில நாட்களிலேயே ராத்திரி கெட்டுவிட்டது.

விளக்கை அணைத்ததும் விழிப்பான். குடிப்பான். அரைத் தூக்கத்தில் மார்பை விட்டுவிட்டு, நான் கண்ணை மூடுவதற்குள் மறுபடி அழுவான். விடியும்வரை இதே கதைதான். படுத்தேனா, உட்கார்ந்தேனா என்று காலையில் எனக்கே நினைவிருக்காது. காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. அவன் வாய் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அப்படி விடிய விடிய உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மருத்துவம் தெரியாது. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பகலில் அவனைப் போல் சாதுவான பிள்ளை கிடையாது. எங்கள் தெருவில் விசைத்தறி வராத காலம் அது. வீட்டுக்கு வீடு குழித்தறிதான். எங்கள் கூடத்தில் கணவர் குழியில் உட்கார்ந்து கைலி நெய்வார். சுவரோரமாக நான் ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குழலில் சுற்றுவேன். தூளியும் அங்கேதான் தொங்கியது. காலையில் போட்டால் சாப்பாட்டு நேரம்வரை அசைய மாட்டான். மத்தியானம் நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுவான். தறி ஓடும்போது நாங்கள் பேசுவதே ஒருவருக்கொருவர் கேட்காது. அதிலும் இப்படித் தூங்குகிறானே, நெசவுக்காரன் பிள்ளை என்று காட்டிவிட்டானே என்று தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேலையும் நடந்தது.

கணவரின் அக்கா ராஜம்மா எங்களோடு இருந்தார். புருஷனை இழந்தவர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் ராத்திரியில் என் கை சோர்ந்துபோகும்போது பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பவரும் அவர்தான். அவருக்கு எல்லாம் ஒரே காரணம்தான்.

"உனுக்குப் பால் வத்திப்போச்சுடி. வயிறு நெறஞ்சா புள்ள இன்னாத்துக்கு ராவெல்லாம் கத்துது?"

டின் பால்மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்துவிடலாம் என்றார். கணவரும் வாங்கிவர எழுந்துவிட்டார். நான் வேண்டாம் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தேன், பிள்ளைக்குப் புட்டியில் பால் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு கண்டது. கை கால் ஓய்ந்து, கண் குழிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. புட்டிதான் காரணமா, வேறு ஏதாவதா, யாருக்குத் தெரியும்? ஆனால் புட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த முகம் வந்துவிடும். இவனையும் புட்டிக்கு விடுவதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது தெளிவாக இருந்தது. மற்றபடி தலை எப்போதும் மப்பாகவே இருந்தது.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அவன் அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவித் தொடைக்கு வந்தது. முந்தின மாதம் இறுக்குகிறதே என்று நான்தான் தளர்த்திக் கட்டியிருந்தேன். இப்போது பிள்ளை அதற்குள் சின்னதாகிவிட்டான். கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ராஜம்மாக்கா பார்த்தார். கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ராட்டையடியில் நான் மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் வேலூருக்குப் பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தசோகை (உடம்பில் ரத்தச் சத்து குறைந்து வெளுத்துப்போவது) என்றார். பிள்ளைக்கு நோய் எதுவும் தெரியவில்லை, எடைதான் போதவில்லை என்றார். மார்பை அழுத்திப் பார்த்தார். பால் பீறிக்கொண்டு வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பகலில் எத்தனை முறை குடிக்கிறான் என்று கேட்டார். பகலெல்லாம் சமத்தாகத் தூங்குவான் என்று சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது.

"பகல்ல எழுப்பிக் குடும்மா. பால் தேங்கிக் கிடந்தா உடம்பு சுரக்கறதக் குறைச்சிடும். குடிக்கக் குடிக்கத்தான் வரும்."

எழுப்பினாலும் எழுவதில்லை என்றேன். உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாயிற்று, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துப் பார்த்தாயிற்று. இங்கேயே சில நாள் இருங்கள், பார்ப்போம் என்றார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

அந்த வார்டில் என் பிள்ளை வேறு பிள்ளையாகிவிட்டான். முதல் நாளே முற்பகலில் தானாக விழித்தான். குடித்தான். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான், மறுபடி கேட்டான். பகல் முழுக்க இப்படி. இரவில் தூங்கினான். நான்தான் தூங்க முடியாமல் அவன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கட்டிலில் ஆம்பூர் ஜைனப். அவள் புருஷனுக்குத் தோல் மண்டியில் வேலை. அவளுடைய பெண் குழந்தை ராத்திரியெல்லாம் வீறிடும்.

"என்னுது ஜாஸ்தி பேஜார் பண்ணுது. உன்னுது கட்ட மாதிரி தூங்குது. இவனா ஊட்ல தூங்கல? சும்மா சொல்றியா?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நான் பட்டதெல்லாம் பொய்யா என்று இருந்தது. ஜைனப் பதறிப்போய்த் தன் வீட்டிலிருந்து வந்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

காரணம் டாக்டரம்மாவுக்கும் பிடிபடவில்லை. ஓய்வும் சாப்பாடும் கிடைத்ததால் இருக்கலாம் என்றார். பார்க்க வந்த ராஜம்மாக்கா, ஊர்த் தண்ணீர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எடை ஏறத் தொடங்கியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தது பிற்பகலில். நான் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பசியோடு இழுத்துக் குடித்தான். தறியில் விட்டுவிட்டு வந்த பாவு நூல் பாதியில் நிற்கிறதே என்று கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழியில் இறங்கினார். மிதியை அழுத்தினார், ஊடை நூலைச் சுமக்கும் நாடா சடசடவென்று ஓடத் தொடங்கியது.

பிள்ளையின் வாய் நின்றது. கண் சொருகியது. உதட்டோரம் பால் வழிய, தலை என் முழங்கையில் சாய்ந்தது. இந்த மாதிரித் தூக்கத்தை நான் வார்டில் ஒருநாளும் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை நெளிந்தான். கண் திறந்து மார்பைத் தேடினான்.

"இப்போ ஓட்டுங்க."

ஓட்டினார். பிள்ளை தூங்கிவிட்டான். மறுபடி நிறுத்தச் சொன்னேன், மறுபடி விழித்தான். கணவர் குழியில் இருந்தபடியே அவனைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவனுக்குப் பசியே தெரிந்ததில்லை. பகல் பசியையெல்லாம் சேர்த்து ராத்திரி அமைதியில் கேட்டிருக்கிறான். நாங்கள் அதைச் சமத்து என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

தெரிந்துவிட்டது, சரி. தறியை என்ன செய்வது? அதுதானே சோறு. தூளியைப் பின்கட்டுக்கு மாற்றினேன். பயனில்லை, சத்தம் தரைவழியாக அங்கேயும் வந்தது. கடைசியில் கணவரே ஒரு முடிவுக்கு வந்தார். பகலில் அவ்வப்போது தறியை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார். நான் பால் கொடுத்து முடித்ததும் கதவைத் தட்டுவேன், உள்ளே வருவார். நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வந்து துணி ஏன் தாமதம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ராஜம்மாக்கா நம்பவே இல்லை. "தறிய நிறுத்திட்டுப் புள்ள வளக்கற ஊடு எங்கனா கீதா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். பால் வற்றியதை மறைக்க நான் கட்டிய கதை என்பது அவர் எண்ணம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இதை வாசிக்கிறவர்கள் அப்படி எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ராத்திரி தூங்குவான், அடுத்த ராத்திரி பழையபடி ஆகும். நான் நம்பிக்கை இழந்து புட்டியைப் பற்றி நினைத்த நாட்களும் உண்டு. மெல்ல மெல்லத்தான் பகல் பகலாகவும் ராத்திரி ராத்திரியாகவும் பிரிந்தன. அரைஞாண் கயிற்றை மறுபடி தளர்த்திக் கட்ட வேண்டிவந்தது.

அவன் தேறினான். நான்தான் பழையபடி ஆகவில்லை. அவன் தூங்குகிற ராத்திரிகளிலும் என் கண் திறந்தே கிடந்தது. தறி நின்றால் மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக்கு, உடனே பால் இறங்கும். பிள்ளை அழுதிருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கவும் வேண்டியதில்லை. கணவர் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதற்காக நிறுத்தினாலும் ரவிக்கை நனையும். மணி என்ன என்று யாராவது கேட்டால் முதலில் மார்பைத்தான் நினைப்பேன். என் உடம்பு என்னைக் கேட்காமல் அதன் பாட்டுக்கு ஏதோ கணக்கு வைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சாவு விழுந்தால் எடுக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு ராஜம்மாக்காவும் நானும் போனோம். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை ஓய்ந்த நேரத்தில், நடுப்பகலில், தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடாத அமைதி. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அப்படிக் கேட்டதே இல்லை.

மார்பு சுருக்கென்றது. கையை இறுக்கிக் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, மடிவரை வந்துவிட்டது. சாவு வீட்டில் இப்படியா என்று வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

ராஜம்மாக்கா திரும்பிப் பார்த்தார். என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முந்தானையை இழுத்து என்மேல் போர்த்திவிட்டு, காதோரம் குனிந்தார்.

"எய்ந்து போ. சுருக்கா தலைக்கு ஊத்திக்கினு புள்ளைக்குக் குடு. பால் வீணாப் போவுது பாரு."

பால் வற்றிப்போச்சு என்று சொன்ன அதே வாய்தான். எழுந்து வந்தேன். கிணற்றடியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதேன். நின்று நின்று அழுதேன். இறந்துபோனவருக்காக இப்படி அழுகிறாளே என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள்.