பட்டு கட்டிய கம்ப்யூட்டர்

போன ஞாயிறு காலை. தோசையின் முதல் விள்ளலை வாயில் வைக்கிறேன், போன் அடிக்கிறது. இளம்பிள்ளையிலிருந்து என் தங்கை பூங்கொடி.

“ஏனுங்ணா, கம்ப்யூட்டரு மறுபடி நின்னு போச்சு” என்றவள் அழுதேவிட்டாள்.

கம்ப்யூட்டருக்கு வைத்தியம் தெரிந்தவன் என்று சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு பேர். எப்படி வந்தது? யாரோ ஒருவர் வீட்டுப் பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவிக் கொடுத்தேன்... அவ்வளவுதான்! அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

பூங்கொடி சேலைக்கு டிசைன் போடுகிறவள். மயில், மாங்காய், கோபுரம் என்று தறிக்காரர்கள் கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். எத்தனையோ மணப்பெண்கள் அவள் வரைந்த சேலையில் மணவறை ஏறியிருக்கிறார்கள். இப்போது அவள் மகளுக்கே கல்யாணம். முகூர்த்தச் சேலையை ஆசை ஆசையாக வரைந்து முடித்துவிட்டாள். அதைத் தறிக்குப் புரிகிற ஃபைலாக மாற்றிப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பாழாய்ப்போன கம்ப்யூட்டர் அந்த வேலையின் நடுவில்தான், மவுஸ்கூட அசையாமல், நின்றுவிடுகிறது.

பாவு நூல் ஏற்றிய தறி காத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஓட ஆரம்பிக்காவிட்டால் முகூர்த்தத்துக்குச் சேலை வராது. ஊருக்கெல்லாம் டிசைன் போட்டவள் மகள், கடையில் வாங்கிய சேலையிலா உட்காருவாள்?

புதுசு வாங்கச் சொல்லலாமே என்கிறீர்களா? சொல்லிப் பார்த்தாயிற்று. அவளுடைய பழைய சாஃப்ட்வேர் அந்தக் கிழட்டு மெஷினில் மட்டும்தான் ஓடும்.

பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். இளம்பிள்ளையில் துணிக்கா பஞ்சம்? பூங்கொடி வீட்டில் டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, வாஷிங் மெஷினுக்குச் சுருக்கம் வைத்த பாவாடை! கம்ப்யூட்டர் பெட்டிக்கோ பட்டு. நாலு பக்கமும் மூடி, சரிகை பார்டர் வைத்து, சுவிட்சுக்கு மட்டும் ஒரு ஓட்டை. தறிப் பஞ்சு உள்ளே போகக்கூடாதாம். பார்டர் அம்சமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வேலையில் இறங்கினேன். ஆமாம், பாராட்டினேன். நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே!

வேண்டாத ஃபைல்களை அழித்தேன். வைரஸ் ஸ்கேன் போட்டேன். அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். ஊஹூம்... கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தியம்மா அன்றைக்கு மத்தியானமே விருந்துக்கு வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் பழைய உறை பட்டால் மானம் போய்விடும் என்று பூங்கொடி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது உறையை இஸ்திரி போடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து மெஷின் குதிரையாக ஓடியது பாருங்கள்! எதைத் திறந்தாலும் திறக்கிறது, எதை மூடினாலும் மூடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேன் போட்டேன் அல்லவா, அதுதான் என்று அவளிடம் ஒரு லெக்சரே அடித்தேன். அவளும் நம்பினாள். நல்ல காரியம், நல்ல துணியோடு ஆரம்பிப்போம் என்று புதுப் பட்டைப் போட்டு, பொட்டும் வைத்து, ஃபைலை மாற்றும் வேலையை ஆரம்பித்தாள்.

பாதியில் நின்றது.

என் லெக்சர் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். பூங்கொடி பெட்டியின் மேல் கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி கொதித்தது. அவள் உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, பட்டுக் கட்டிக்கிட்டு மண்டபத்துல ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்கே மயக்கம் வருதே. இது பாவம், வருசம் பூரா கட்டிக்கிட்டு இருக்குதுங்களே.”

சிரித்தோம் சிரித்தோம், அப்படிச் சிரித்தோம்! உறையை உருவி, கரண்டைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினால் உள்ளே தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு. விசிறியே தெரியவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சூடு ஆறியதும் மறுபடி வேலையை ஓட விட்டோம். ஃபைல் பாதி தாண்டிய நேரம்... வாசலில் கார் சத்தம்.

மூடி இல்லை, உறை இல்லை, ஒயர் எல்லாம் வெளியே தொங்க, நடுக்கூடத்தில் மெஷின். அதையும் ஷீட் கூரையிலிருந்து இறங்கும் வெக்கை போட்டு வறுக்கிறது. பூங்கொடி உறையைக் கையில் எடுத்தாள். போட்டால் மானம் தப்பிக்கும், சேலை போகும். போடாவிட்டால் சேலை வரும், மானம்... ஒரு நொடி நின்றாள். உறையைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வீசிவிட்டு, கை கூப்பிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சம்பந்தியம்மா உள்ளே வந்தார்கள். கனமான பட்டுச் சேலை, நெற்றியெல்லாம் வியர்வை. பூங்கொடி பதறிப்போய் வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பினாள். அவர்கள் உட்காராமல் அந்தப் பெட்டியையே பார்த்தார்கள். தலை குனிந்து, திக்கித் திணறி, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள் பூங்கொடி.

சம்பந்தியம்மா நேரே போய், தன் மேல் அடித்துக்கொண்டிருந்த ஃபேனைத் தூக்கி, கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

“மொதல்ல அதுக்குக் காத்து வரட்டுமுங்க சம்பந்தி. நம்ம புள்ளையோட சீலையாச்சே.”

நம்ம புள்ளை! பூங்கொடி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். மோர் கொண்டுவரத்தான் போனாள் என்று நானும் நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன்.

ஃபைல் முழுசாக ஏறி முடிகிற வரை நாங்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் ஜம்மென்று காற்று வாங்கியது கம்ப்யூட்டர் மட்டும்தான்.