சாவி ஒப்படைக்காத டிரான்ஸ்ஃபர்

சாவியைக் கொடுக்காமல் ஒருவர் டிரான்ஸ்ஃபரில் போக முடியுமா? என் மகள் இதைக் கேட்ட நாளிலிருந்து யோசிக்கிறேன். எம்.காம் படித்தவள்தான் நான். இன்னும் பதில் தெரியவில்லை.

மகளுக்கு நாலு வயது. டிரான்ஸ்ஃபரில் போயிருப்பதாக அவள் நம்புவது அவளுடைய தாத்தாவை, அதாவது என் மாமனாரை. அவர் இறந்துவிட்டார்.

மாமனார் முதலில் ராணுவத்தில் இருந்தார். ஓய்வு பெற்று வந்ததும் வங்கி வேலை கிடைத்தது. சேலம், தர்மபுரி என்று கிளை கிளையாக மாற்றினார்கள். பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று குடும்பத்தை அறந்தாங்கியிலேயே வைத்துவிட்டு, எங்கே போட்டாலும் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாராம். பக்கத்துக் கடலோர ஊரான ஜெகதாப்பட்டினத்தில் இருந்தபோது மட்டும் தினமும் வீட்டுக்கு வந்தார், மீனோடு. அந்தப் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது என்று அத்தை, என் மாமியார், இப்போதும் சொல்வார்.

இரண்டு வேலையும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. பாப்பா பிறந்தபோது மருத்துவமனை அறை வாசலில் விறைப்பாக நின்றுகொண்டு, கை கழுவாத ஒருவரையும் உள்ளே விடவில்லை. டாக்டரையும் கழுவ வைத்தார். குழந்தையை என்னிடம் நீட்டும்போது, "சரிபார்த்து வாங்கிக்க ஆத்தா. கவுண்டரை விட்டுப் போயிட்டா நாங்க பொறுப்பில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பயந்துபோய் நிஜமாகவே குழந்தையின் விரல்களை எண்ணிப் பார்த்தேன்.

போன வருடம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அத்தை ஒளித்து வைத்த அதிரசத்தை எடுத்துத் தின்று மாட்டிக்கொண்டார். உடனே தனக்குத்தானே ஒரு காவல் போட்டுக்கொண்டார். வங்கியில் பணம் வைக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அதே முறைதான். தன் ராணுவ டிரங்குப் பெட்டிக்குள் பலகாரத் தூக்குச் சட்டியை வைத்து இரண்டு பூட்டுகள் போட்டார். ஒரு சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். இன்னொன்று பாப்பாவின் சட்டையில், ஊக்கில்.

சாயங்காலமானால், "ரெண்டாம் நம்பர் சாவி, ஆஜர்!" என்று கூப்பிடுவார். பாப்பா ஓடிவந்து சல்யூட் அடிப்பாள். இருவரும் சேர்ந்து திறப்பார்கள். ஆளுக்கு ஒரு அதிரசம்.

"காவலுக்கு வச்ச ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. இது என்ன பேங்குங்க?" என்பார் அத்தை.

"ரூல்படிதானே தொறக்குறோம்" என்பார் இவர், வாய் நிறைய மாவோடு.

நான் சர்க்கரை போடாத பிஸ்கட் வாங்கி வந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கள்ள நோட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. பாப்பா கேட்டபோது அத்தை சொன்னார்: "தாத்தா டிரான்ஸ்ஃபர்ல போயிருக்காங்கடா." தன் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வார்த்தை வந்திருக்காது. நானும் திருத்தவில்லை.

குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பாப்பா பார்த்துவிட்டாள். டிரான்ஸ்ஃபர் ஆனால் அடுத்தவர் கையில் நேரில் சாவியைக் கொடுத்து, சார்ஜை, அதாவது பொறுப்பை, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"சாவி குடுக்காம எப்படிம்மா போனாங்க? தாத்தாவைத் திட்டுவாங்கள்ல?"

பதினாறாம் நாள் படையலில் அவருடைய தூக்கையே வைக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார். பாப்பா ஊக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். மாமனாரின் அண்ணன் சுத்தியலோடு வந்தார்.

"புள்ளகிட்ட என்ன பஞ்சாயத்து? தள்ளுங்க அங்கிட்டு."

"ஒடச்சா போலீஸ் வரும்" என்றாள் பாப்பா.

மாமனாரோடு வேலை பார்த்த கேஷியர் ஒருவர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரிடம் நியாயம் கேட்டார்கள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பூட்டுகளைப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார்.

"பாப்பா சொல்றதுதாங்க சரி. சார்ஜ் குடுக்காம யாரும் தொறக்கக் கூடாது."

பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். படையலுக்குக் கடையிலிருந்து அதிரசம் வந்தது. கேஷியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எறும்புகள் மட்டும் ஒரு சாவியும் இல்லாமல் வரிசையாகப் போய்வருகின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் ஃபோன் செய்தார்: "சாவியைக் கழட்டச் சொன்னா பாப்பா சல்யூட் அடிக்கிறாங்க, கழட்ட மாட்டேங்கிறாங்க." துபாயில் இருக்கும் என் கணவர் வீடியோ காலில், "தொறந்து கொட்டிக் கழுவி வையி. இதுக்குப் போயி யோசிச்சுக்கிட்டு" என்றார். பெட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "சரி, இருக்கட்டும் விடு" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் பாப்பா பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீ சார்ஜ் எடுத்துக்கிறியாம்மா?"

"எடுத்துக்கவா?"

"தாத்தாவுக்கு ஃபோன் போட்டுக் கேளு. சரின்னு சொன்னா எடுத்துக்க."

என் பையில் அவருடைய சாவி இருந்தது. நான் ஃபோனை எடுத்தேன். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

இந்தச் சாவியை நான் பூட்டில் போட்டால், தாத்தா இனி வரமாட்டார் என்று நானே அவளிடம் சொன்னது போலாகும். போடாவிட்டால் அவள் தினமும் ஊக்கைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். வீட்டில் சின்னப் பிள்ளையிடம் இப்படி ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். சொல்லிவிட்டுத் திறப்பதா, திறந்துவிட்டுச் சொல்வதா? அதுவரைக்கும், பெட்டியைத் திறக்காமலே எறும்பை விரட்ட ஏதாவது வழி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.