மருதாயி அக்காவின் விரலும் பதினேழாம் நம்பர் செடியும்

சென்ற வியாழக்கிழமை காலை, தென்னூரில் என் மகன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய சின்னச்சாமி அண்ணன் படியேறாமல் அங்கேயே நின்றார். எங்கள் எலுமிச்சைத் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர் அவர். எப்போது வந்தாலும் "காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர். அவர் நின்ற நிலையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "மருதாயி போயிருச்சும்மா. காலையில எழுப்பப் போனா எந்திரிக்கல," என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அடுத்த பஸ்ஸில் நான் ஸ்ரீரங்கம் போனேன்.

அக்கா வீட்டு வாசலில், தோட்டத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். அழுது ஓய்ந்த பிறகு பழைய பேச்சு வந்தது. "இலையில அது விரல வச்சாப் போதும், எண்ணிக்கை தப்பாது. ஒரே ஒரு தடவதான் தப்பு விட்டுச்சு. அந்தக் கொப்பளக் கதை!" என்றார் சின்னச்சாமி அண்ணன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஒரு தடவையும் அக்கா தப்பு விடவில்லை. தப்பு விட்டவள் நான். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். எலுமிச்சைக்குச் சொறி நோய் என்று ஒன்று உண்டு. இலையிலும் காயிலும் பொரி பொரியாகத் தடித்து எழும்பும், சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டும். சொறி விழுந்த காயைச் சந்தையில் சீந்த மாட்டார்கள். எந்த ரகம் அந்த நோயைத் தாங்கும் என்று கண்டுபிடிக்கக் கொள்ளிடக் கரையோரம் சர்க்கார் போட்ட தோட்டம் அது. ஜில்லாவில் பல ஊர்களிலிருந்தும் பழம் வாங்கி, விதை போட்டு, நாற்பது ரகம் நட்டிருந்தார்கள். ஒரு ரகத்துக்கு மூன்று செடி. செடியில் தகரச் சீட்டு, சீட்டில் நம்பர் மட்டும்தான். அது யார் வீட்டு மரம் என்ற விவரம் ஆபீசர் அய்யாவின் நோட்டில் இருக்கும். சொறி இலையைக் கசக்கிய தண்ணீரில் ஊசியைத் தோய்த்து, ஒரு இலையில் பத்து இடம் குத்துவோம். மூன்று வாரம் கழித்து, பத்தில் எத்தனை இடம் எழும்பியது என்று எண்ணுவோம். எண்ணுகிறவர் மருதாயி அக்கா, எழுதுகிறவள் நான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் என் எழுத்து அச்சுக் கோத்தது போல் இருக்கும். அய்யாவே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வரிசைக்கு நடுவே சில செடிகள் உடம்பு முழுக்கச் சொறியோடு நிற்பதைப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கெட்ட இலையை எல்லாம் பறித்துக் கூட்டித் தீ வைத்துவிட்டேன். அக்கா ஓடி வந்தார். "அடிப் பாவி! அந்தச் சொறியத்தான்டி தண்ணி ஊத்தி வளக்குறோம்! மாமியா வீட்டைச் சுத்தம் பண்றாப்புலல்ல பண்ணியிருக்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்ற செடிகளுக்கு நோய் பரவட்டும் என்றே வைத்திருந்த செடிகளாம் அவை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோய் கிட்ட வராத எடத்துல எல்லாச் செடியும் நல்ல செடிதான், லெச்சுமி. வந்தாத்தான எது தாங்குதுன்னு தெரியும்?"

எண்ணும்போது அவர் இலையைப் பார்க்கவே மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இலையை மெல்ல இழுத்துவிட்டு, "ஆறு" என்பார். அய்யா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஆறுதான் வரும். "கண்ணாடிய எங்கிட்ட குடுங்கய்யா, முறத்துல பொடைக்கும்போது கல்லாவது பொறுக்கலாம்," என்று அவரையே கேலி செய்வார். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எண்ணிச் சொன்னதையெல்லாம் மனதிலேயே வைத்துக்கொண்டார்.

அதை நான் மறந்ததுதான் வினை.

அளக்கிற படி போய் லிட்டர் வந்த சமயம் அது. நல்ல ரகத்தைத் தேர்ந்தெடுத்து லால்குடிப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கன்று கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. எனக்குப் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். எங்கள் அப்பா வீட்டுக் கிணற்றடி எலுமிச்சை சுற்றுவட்டாரத்தில் பேர் போனது. விதைக்கு அதன் பழத்தை நானே கொண்டுவந்து கொடுத்திருந்தேன். என்ன நம்பர் போட்டார்கள் என்று தெரியாது. ஒரு நாள் பதினேழாம் நம்பர் இலையைக் கசக்கி மோந்தேன். எங்கள் கிணற்றடியே வந்து மூக்கில் நின்றது. அந்த வாரம் அக்கா அந்த மூன்று செடிக்கும் எண்ணிச் சொன்னது எட்டு, ஒன்பது, எட்டு. நான் எழுதியது மூன்று, இரண்டு, மூன்று. முத்து முத்தாகத்தான் எழுதினேன்.

கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்து, அய்யா பட்டியலை உரக்கப் படித்தார். "பதினேழு நல்லாத் தாங்குதே! மூணு, ரெண்டு, மூணு," என்றார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"அய்யா, அந்தப் பதினேழு நான் சொன்னது தப்புங்க. அன்னிக்கு விரல்ல கொப்பளம். திரும்ப எண்ணிடலாங்க," என்றார் அக்கா.

"மூணு செடிக்குமா கொப்பளம்?" என்றார் அய்யா.

"செடிக்கு இல்லீங்களே, விரலுக்குத்தான். மூணுக்கும் அதே விரல்தாங்க!"

கொட்டகையே சிரித்தது. "கொப்பளக்காரி" என்ற பட்டம் அன்றைக்கு வந்ததுதான். செடிக்குப் பக்கத்தில் போனதும் அக்கா என் கையிலிருந்த நோட்டை வாங்கி அய்யாவிடம் கொடுத்தார். "எனக்கு இன்னும் ஆறலீங்க. லெச்சுமி எண்ணட்டும், நீங்க எழுதிக்கங்க," என்றார். அப்பா வீட்டு மரத்தின் இலையை என் விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தேன். ஒவ்வொரு பொரியும் அரிசி நொய் போல் நெருடியது. குறைத்துச் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றார். "எட்டு," என்றேன். அடுத்ததில் "ஒன்பது". மூன்றாவதில் "எட்டு". அய்யா பதினேழை அடித்துவிட்டார்.

சாயங்காலம் கரை மேல் நடந்து வரும்போது கேட்டேன். "ஏங்க்கா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"தப்பு எழுதுறவளுதுன்னா வேல போயிரும். எண்ணுறவளுதுன்னா கொப்பளம் ஆறிப் போயிரும்," என்றார்.

"எங்க அப்பா வீட்டு மரம்க்கா அது."

"தெரியும்டி. அந்த மூணுக்கு மட்டும் ஒரு குடம் கூட ஊத்துனியே, எனக்குக் கண்ணு இல்லையா? நல்ல ரகம்னு உங்க ஊர்ல பூராவும் வாங்கி வச்சு, மூணாம் வருஷம் தோப்புத் தோப்பா சொறி புடிச்சு நின்னா, யாரு வீட்டு மரம்னு கேப்பாங்கல்ல? உங்க அப்பாரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இனிமே எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டு. அவ்வளவுதான்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செடிக்கும் எழுதியதைச் சத்தமாகப் படிப்பேன். "சரி, அடுத்த செடிக்கு வா," என்பார். கடைசியில் நோயைத் தாங்கி நின்றது முப்பத்தொன்றாம் நம்பர். முள் அதிகம், காய் சிறுசு, யாரும் அதை மதித்ததில்லை. பாலக்கரையில் ஒரு பாய் வீட்டுக் கொல்லை மரம் என்று பிறகு தெரிந்தது. லால்குடிப் பக்கம் போன கன்று அதுதான். எங்கள் அப்பாவும் இரண்டு வாங்கி வைத்தார். இன்றுவரை காய் சுத்தமாக இருக்கிறது.

இத்தனை வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். முதலில் வேலை போய்விடுமே என்ற பயம். பிறகு வெட்கம். ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சொல்லப் போனேன். அக்கா என் தொடையில் கிள்ளி, "விடு லெச்சுமி, அந்தக் கதையும் இல்லாட்டி இவங்க எதச் சொல்லிச் சிரிப்பாங்க?" என்று அடக்கிவிட்டார். இனிமேல் கிள்ள அவர் இல்லை. அந்த விரல் ஒரு நாளும் பிசகவில்லை. சின்னச்சாமி அண்ணன் உட்பட எல்லோரும் இனி அப்படியே சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது எழுதியதைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் ஒன்றுதான். மளிகைச் சீட்டானாலும் கடிதமானாலும் வாய்விட்டுப் படிக்காமல் நான் மடிப்பதில்லை. என் பேத்தி எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள், வகுப்பில் முதல். அவளை எதிரே உட்கார வைத்து, இதையும் முதலிலிருந்து படித்துவிட்டேன். ஒன்றும் குறைத்து எழுதவில்லை, அக்கா. பதினேழாம் நம்பர்: எட்டு, ஒன்பது, எட்டு.