எலாஸ்டிக்கில் ஓடிய அலை

புது எலாஸ்டிக் ரோலைப் பிரித்தால் ரப்பரும் பவுடரும் கலந்த ஒரு வாசனை வரும்... இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருடம் என் சட்டையில் அந்த வாசனைதான்.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். எலாஸ்டிக்கை முந்தின நாளே ரோலிலிருந்து பிரித்துத் தளர விட வேண்டும். இழுபட்டபடி தைத்தால் இடுப்பளவு சுருங்கிவிடும். "இழுக்காதீங்க" என்று கத்துவதே என் வேலை.

மேனேஜருக்கு என் பட்டம் ஒரு வேடிக்கை. "ஏனுங்க வாத்தியாரே, எலாஸ்டிக்குக்கு எந்த விதிங்க?" என்பார், டெய்லர்கள் முன்னால். நான் மறக்கவில்லை.

வாத்தியார் வேலைக்காக இரண்டு பள்ளிகளில் டெமோ கிளாஸ் எடுத்துத் தோற்றிருந்தேன். மூன்றாவதற்கு லீவு கேட்டபோது அவர் சிரித்தார்.

"போயிட்டு வாங்க. இந்தத் தடவையும் திரும்பி வந்தா பேக்கிங்லதான் வேலைங்க."

தாராபுரம் சாலையில் இருந்த பள்ளி. பதினொன்றாம் வகுப்பு. பாடம், அலைகள். கடைசி பெஞ்சில் நோட்டோடு தலைமையாசிரியை.

கம்பெனியிலிருந்து கொண்டுபோயிருந்த எலாஸ்டிக்கின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். நடுவில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. மறுமுனையைப் பிடித்து உதறினேன்... அலை பாதியிலேயே செத்துவிட்டது. மறுபடி உதறினேன். அதே கதை. வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியை ஏதோ எழுத ஆரம்பித்தார். எனக்குப் பேக்கிங் டேபிள் கண்ணில் தெரிந்தது.

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், நீங்க பனியன் கம்பெனிங்களா?"

"ஏம்மா?"

"எங்கம்மாவும் இப்படித்தானுங்க லூசாவே புடிப்பாங்க. இது ஜட்டிக்கு இல்லீங்களே... இழுத்துக் கட்டுங்க சார்!"

மூன்று வருடப் பழக்கம் என் கையை ஏமாற்றியிருந்தது.

இழுத்துக் கட்டி உதறினேன். ஒரு மேடு ஜன்னல் வரை ஓடி, தலைகீழாகத் திரும்பி வந்தது. முடிச்சு மேலும் கீழும் ஆடிவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றது. "போனது அலைதான், எலாஸ்டிக் இல்லை. இது குறுக்கலை" என்றேன். பிறகு எலாஸ்டிக்கில் விரல் இடைவெளிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, நீளவாக்கில் இழுத்து விட்டேன். கோடுகள் நெருங்கின, விலகின. நெட்டலை. காற்றில் ஒலி போவதும் இப்படித்தான்.

தலைமையாசிரியை நோட்டை மூடினார். "திங்கக்கிழமை வந்துருங்க சார்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் சும்மா நின்றேன்... மூச்சு விடுவது அவ்வளவு சுகமாக இருந்தது.

இப்போது ஸ்மார்ட் போர்டில் தொட்டால் அலை ஓடுகிறது, பாதியில் சாவதேயில்லை. மேனேஜரை எங்காவது பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாடம் வரும்போது, எலாஸ்டிக்கை ஜன்னலில் லூசாகவே கட்டுகிறேன்... யாராவது ஒரு பிள்ளை "இழுத்துக் கட்டுங்க சார்" என்று சொல்லும்வரை.