சொந்தக்காரர் மட்டும் ஓட்டலாம்

யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து என் மாமனார் கார் வாங்கினார். வீடு, நிலம், ரேஷன் கார்டு எல்லாம் அவர் பெயரில்தான், காரும் அப்படியே. ஆனால் அவருக்கு ஓட்டத் தெரியாது. கோர்ட்டு குமாஸ்தாவான என் கணவரும், அவரை நச்சரித்து நானும், கொள்ளிடக் கரையோரம் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கினோம்.

எனக்கு ஆசை ஒன்றுதான். லால்குடியில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். ரயில் நேரம் எதுவும் எங்கள் வீட்டு அடுப்பங்கரை நேரத்தோடு ஒத்துவராது. கார் இருந்தால் சமையலை முடித்துவிட்டுப் போய், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். அம்மாவுக்கும் அப்படியே எழுதிப் போட்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த சமயம், இன்ஷூரன்ஸ் இல்லாத கார் தெருவில் இறங்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. திருச்சியிலிருந்து ஏஜெண்ட் வந்தார். நான் காபியுடன் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அடிபட்ட மூணாம் மனுஷருக்கு மட்டும் கொடுக்கிறது ஒண்ணு, உங்க வண்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறது ஒண்ணு. எது வேணும், சொல்லுங்க."

"வண்டிக்கும் சேர்த்து" என்றார் மாமனார்.

"லைசென்ஸ் இருக்கிற யார் வேணா ஓட்டலாம்னு போடவா, சொந்தக்காரர் மட்டும் ஓட்டலாம்னு போடவா?"

"கண்டவா கையில கொடுக்கறதா இல்லை. சொந்தக்காரர் மட்டும்னே போடுங்கோ."

சொந்தக்காரர் என்றால் தன் வீட்டு மனிதர்களும் அதில் அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெளி மனிதர் முன்னால் அப்பாவைத் திருத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் கணவர் தரையைப் பார்த்தார். நான் டம்ளர்களை நங்கென்று வைத்தேன். யாரும் திரும்பவில்லை.

பாலிசி வந்ததும் என் கணவர் அதைப் படித்துவிட்டு கார் ஷெட்டைப் பூட்டினார்.

"ஏன்னா, அப்பாகிட்ட சொல்லி மாத்தி எழுதிக்கலாமே."

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது, தப்பா எழுதிட்டேள்னு அவர்கிட்ட நான் சொல்லணுமா? நாம ஓட்டி யார் மேலயாவது இடிச்சா இன்ஷூரன்ஸ் கொடுக்க மாட்டான், வீடே போயிடும். கொஞ்ச நாள் பொறு."

கொஞ்ச நாள் மாதங்களாயிற்று. பெட்ரோல் கூப்பன் மிச்சமாகிறது, பிள்ளை சிக்கனக்காரன் என்று மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே சொல்கிறேன் என்றால் கணவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார். பூட்டிய ஷெட்டைத் தாண்டித்தான் தினமும் கிணற்றடிக்குப் போக வேண்டும். உள்ளே இருந்தது காரா நானா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு நாள் மத்தியானம், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னான். அடுத்த ரயில் சாயங்காலம்தான். ஷெட்டின் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சாவி கணவரோடு கோர்ட்டில் இருந்தது. ரயிலில்தான் போனேன்.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"கார்லயா வந்தே? சத்தமே கேக்கலையே."

"தெருக்கோடியில நிறுத்திட்டு வந்தேம்மா. சந்துல திருப்ப முடியாது."

"நீயேவா ஓட்டிண்டு வந்தே?"

"நானேதான்."

அம்மா சிரித்தாள். பக்கத்திலிருந்த என் மன்னியைக் கூப்பிட்டு, "இவ கார் ஓட்டிண்டு வந்திருக்கா, பசியோட இருப்பா, சாதம் போடு" என்றாள்.