ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு குத்துவிளக்குகள்

பெரியப்பா நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். அத்தனை வருடங்களில் அவர் வெளியிட்ட திருத்தம் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் காரணம் நான். அப்போது எனக்கு வயது பத்து.

பத்திரிகை மாதத்துக்கு ஒன்று, பதினாறு பக்கம். டுசல்டோர்ஃபில் பெரியப்பா வீட்டு வரவேற்பறைதான் அலுவலகம். ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் கையால் எழுதி ஒற்றைத் தாளாகத் தொடங்கியது அது. ஒருவர் பெரியப்பா. மற்றவரை நான் கவிஞர் மாமா என்று அழைப்பேன். ஐந்து வருடம் இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். பிறகு ஒரு மாதம் இடம் போதாமல் பெரியப்பா அவருடைய கவிதையின் கடைசி நான்கு வரிகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரண அறிவித்தலைப் போட்டார். கவிஞர் மாமா டோர்ட்மண்டுக்கு வீடு மாறினார். அதன் பின் வரிக்கு ஒரு வருடமாக நான்கு வருடங்கள் இருவரும் பேசவில்லை.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் நாட்களில் நான் பெரியப்பா வீட்டில் இருப்பேன். பத்திரிகை ஒட்டும் நாளென்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. தட்டச்சு செய்த துண்டுகளைப் பெரியப்பா வெட்டி வெட்டிப் பெரிய தாளில் ஒட்டுவார். பசை மணக்கும், தொலைபேசி அடிக்கும், பெரியம்மா சமையலறையிலிருந்து சத்தம் போடுவார். பன்னிரண்டாம் பக்கம் வாழ்த்துகளுக்கும் துயரங்களுக்கும் உரியது. பிறந்தநாள், திருமணம், மரணம் எல்லாம் அதில்தான். படங்களைச் சுற்றி வைக்கும் சித்திரச் சட்டங்கள் ஒரு கடித உறையில் இருக்கும்: பூங்கொடி, அன்னம், பலூன், குத்துவிளக்கு. எந்தச் சட்டத்தை எந்தப் படத்துக்கு வைப்பது என்று பெரியப்பாவே சொல்வார். நான் ஒட்டுவேன்.

அந்த மாதம் கவிஞர் மாமாவின் பிள்ளைகள் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் படத்தோடு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். கூடவே விழாவுக்கு அழைப்பிதழும் இருந்தது. பெரியப்பா வாழ்த்தை வாங்கி மேசையில் குப்புற வைத்தார்.

"அண்டைக்கு எனக்கு டெர்மின் ஒண்டு இருக்கு. போகேலாது" என்றார். முன்பே குறித்த சந்திப்புக்கு ஜெர்மனில் டெர்மின் என்பார்கள்.

"சனிக்கிழமையிலை உங்களுக்கு ஆர் டெர்மின் தாறது? டொக்டரோ, போஸ்டோ?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா வேறொரு துண்டை வெட்டத் தொடங்கினார். அந்தப் படத்துக்கு எந்தச் சட்டம் என்றும் சொல்லவில்லை. நானே முடிவெடுத்தேன். பலூன் சின்னப் பிள்ளைகளுக்கு. அன்னம் கல்யாணத்துக்கு. விளக்கு வயதானவர்களின் படங்களுக்கு வைப்பதைப் பார்த்திருந்தேன். எங்கள் விழாக்கள் எல்லாமே மேடையில் குத்துவிளக்கை ஏற்றித்தான் தொடங்கும். அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன இருக்க முடியும்? கவிஞர் மாமாவின் சிரித்த முகத்துக்கு இருபுறமும் இரண்டு குத்துவிளக்குகளை வைத்து, கோணாமல் ஒட்டினேன். கீழே "நீடூழி வாழ்க" என்ற வரி அமைந்தது. நான் அதுவரை செய்த வேலைகளில் அதுவே சிறந்தது.

பிறகு பெரியப்பா வெளிர்நீலப் பென்சிலோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு அறிவித்தலையும் படித்துப் பார்த்து, அதன் மூலையில் சின்னதாக ஒரு சரி போடுவது அவர் வழக்கம். அந்த நீலம் அச்சில் விழாது. பன்னிரண்டாம் பக்கத்தின் முன் அவர் நெடுநேரம் இருந்ததை மேசையின் மறுபக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதழ் அச்சாகி வந்தது. விழா நாளான சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டோர்ட்மண்டுக்கான பத்திரிகைக் கட்டு புறப்பட்டது. விழாவுக்குப் போகும் ஒருவர் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் கதிரைக்கு ஒன்றாக வைத்துவிடுவதாகச் சொன்னார். பத்தேகாலுக்குப் பெரியம்மா தேநீரோடு பத்திரிகையை விரித்தார். மற்ற எல்லாரையும் போல அவரும் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குவார்.

"ஐயோ! இந்த மனுசன் எப்ப செத்தது?"

பெரியப்பா விரைந்து வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சாகேல்லை பெரியம்மா, பிறந்தநாள்! விளக்கு நான்தான் வச்சனான். வடிவா இருக்கெல்லோ?"

யாரும் வடிவு என்று சொல்லவில்லை. படத்துக்கு இருபுறமும் குத்துவிளக்கு எரிந்தால் அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். டுசல்டோர்ஃபில் பிறந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவும் "நீடூழி வாழ்க" என்று கீழே போட்டு!

"சனம் என்ன சொல்லும்? நாலு வருசக் கோவத்திலை உயிரோடை இருக்கிறவனை நான் சாக்காட்டிப் போட்டன் எண்டெல்லோ சொல்லும்" என்றார் பெரியப்பா. அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவனும் அப்பிடித்தான் நினைப்பான்."

"விழா எத்தினை மணிக்கு?" என்றார் பெரியம்மா, கார்ச் சாவியைத் தேடியபடி.

"ரெண்டுக்கு."

"ரெண்டு எண்டால் எங்கடை சனம் நாலுக்குத்தான் வரும். வெளிக்கிடுங்கோ!"

அந்தப் பயணத்தை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பெரியம்மாதான் ஓட்டினார். வீதி ஒழுங்குகளை மதிக்கும்படி மூன்று தலையங்கம் எழுதியிருந்த பெரியப்பா, பக்கத்தில் இருந்துகொண்டு, "அவனை முந்து! வலப்பக்கத்தாலை விட்டு முந்து!" என்று கத்தினார். ஜெர்மனியில் வலப்பக்கமாக முந்துவது சட்டவிரோதம். "ஆசிரியர் ஐயா, அடுத்த மாசம் இதையும் எழுதுங்கோ" என்றார் பெரியம்மா. எசன் நகரைத் தாண்டியதும் வாகனங்கள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் எங்கோ விபத்தாம். பெரியப்பா அழாத குறை. நான் பின் இருக்கையில் முழங்காலில் நின்று, நகராத கார்களை எண்ணினேன். எழுபத்தொன்றாவது காரில் பாதை திறந்தது. நான் கைதட்டினேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அப்படி ஒரு நாள் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்று நாற்பது. சமையலறையில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் கதிரை, ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரிகை. "நீ இடப்பக்கம்!" என்றார் பெரியப்பா. ஓடினேன். அள்ளினேன், அணைத்தேன், மறுபடி ஓடினேன். வலப்பக்கத்தில் பெரியப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா வாசலில் காவல் நின்றார். முடிந்ததும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினோம். நூற்றுப் பத்தொன்பது.

"ஒண்டு குறையுது" என்றேன்.

"அது என்னட்டை இருக்குப் பிள்ளை."

மேடைத் திரையின் மறைவில், பட்டுவேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக, கவிஞர் மாமா உட்கார்ந்திருந்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடும் தமிழர் ஜெர்மனியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்றும், அவர்கள் ஒரே அறையில் இருந்தவர்கள் என்றும் பெரியம்மா பின்னர் சொல்வார்.

பன்னிரண்டாம் பக்கம் அவர் மடியில் விரிந்திருந்தது.

"என்ன அண்ணை, என்ரை எட்டுச்செலவுக்குத்தான் வருவியள் எண்டு நினைச்சன். முந்தியே வந்திட்டியள்."

செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் சடங்குதான் எட்டுச்செலவு. பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு வரவில்லை. மூச்சு வாங்கியபடி, கைநிறையப் பத்திரிகையோடு நின்றார்.

"பிழை என்ரை. நான் பாக்கேல்லை" என்றார்.

நான் திடுக்கிட்டேன். பென்சிலோடு அவர் இருந்ததைக் கண்ணால் கண்டவள் நான். "இல்லை, விளக்கு நான்தான்..." என்று தொடங்கியதும் பெரியம்மா என் கையைக் கிள்ளினார்.

"நீங்களோ? பாக்கேல்லையோ?" என்றார் கவிஞர் மாமா. "ஒரு கமா கூடினாலும் கண்டுபிடிக்கிற ஆளெல்லோ நீங்கள்?"

"எல்லாம் பாத்தன். உன்ரையை மட்டும் பாக்கேல்லை."

கவிஞர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ. இளைக்குது உங்களுக்கு" என்றார். அந்த ஒரு பிரதியைக் கேட்டும் தரவில்லை. நான்காய் மடித்துத் தன் நஷனல் மேற்சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டார். விழா மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. முதல் வரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். குத்துவிளக்கை ஏற்றும்படி என்னைக் கூப்பிட்டார் கவிஞர் மாமா. "விளக்கு எண்டால் இந்தப் பிள்ளைதான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே திருத்தம் வந்தது. தவறு முழுவதும் ஆசிரியருடையது என்றிருந்தது. அதற்குக் கீழே கவிஞர் மாமாவின் கவிதை, ஒரு வரியும் வெட்டாமல். திருத்தத்தை நான் மூன்று தடவை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை. நான் வைத்த விளக்கைப் பெரியப்பா தனதாக்கிக்கொண்டுவிட்டார் என்று எனக்குக் கடும் கோபம். அந்த வருடம்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். அடிக்கோடிட்டு எழுதினேன்: "பெரியப்பா பொய் சொன்னார். அவர் பார்த்தவர்."

வளர்ந்த பிறகு அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று நினைத்தேன். முப்பது வருடம் அப்படியே நினைத்திருந்தேன்.

போன மாதம் பெரியப்பா கடைசி இதழை வெளியிட்டார். ஒட்டிய மூலத்தாள்கள் அத்தனையையும் பெட்டிகளில் போட்டு, ஒழுங்குபடுத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். இதழ் வாரியாக அடுக்கிக்கொண்டு வந்தேன். அந்த மாதத்தின் பன்னிரண்டாம் பக்கம் கைக்கு வந்தது. பசை மஞ்சளாகியிருந்தது. விளக்குகள் இன்னும் கோணாமல் இருந்தன. அந்தப் பக்கத்தில் ஏழு அறிவித்தல்கள். ஆறின் மூலையில் வெளிர்நீலத்தில் சின்னச் சரி இருந்தது. கவிஞர் மாமாவின் படத்தின் மூலையில் ஒன்றும் இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த தடமும் இல்லை.

அன்றைக்கே பழைய நாட்குறிப்பை எடுத்தேன். அடிக்கோடிட்ட வரிகளின் கீழே இடம் இருந்தது. வெளிர்நீலப் பென்சில் என்னிடம் இல்லை. பேனையாலேயே எழுதினேன்: "திருத்தம். பெரியப்பா பொய் சொல்லவில்லை."